செயற்கைக்கோளுக்கு எங்கள் ஊர் வாழையும் குளமும் தெரியுமா?

புதிதாக வருபவர்களுக்கும் புரியட்டும் என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, மருதூர் மேலக்கால் பாசனத்தில், ஒரு குளத்தின் கீழ் ஏத்தன் வாழை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தோட்டத்துக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறி, ஒரு வாரம் வடியாமல் நின்றிருக்கிறது. பிறகு ஒருவர் காட்டிய செயற்கைக்கோள் வெள்ள வரைபடத்தில் ஆற்றோரமெல்லாம் நீலமாக இருக்க, இவர் தோட்டம் மட்டும் வெள்ளம் படாத இடமாக வந்திருக்கிறது. செல்போன் வரைபடத்தைத் திறந்தாலோ, சித்திரையில் வெடித்துக் கிடக்கும் ஊர்க் குளம் அதில் கரை தளும்ப நிற்கிறது. “அவ்வளவு உயரத்துல இருந்து பாக்கதுக்கு எங்க ஊரு தெரியுதா, தெரியலையா?” என்று முடித்திருக்கிறார்.

அவர் கேட்பது, வரைபடம் ஒன்று சொல்லிக் கண் இன்னொன்று சொன்னால் எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதைத்தான். தொலையுணர்வுப் படங்களோடு பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குளங்களின் நீர்ப்பரப்பைப் படத்திலிருந்து எடுப்பதும், பிறகு கரையில் நடந்து அதைச் சரிபார்ப்பதும் அதில் பெரும்பகுதி. பயிர்க் காப்பீட்டு விதிகளும் நிவாரண நடைமுறையும் என் துறை இல்லை. படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செல்போன் வரைபடத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் தெரிவது இன்றைய ஊர் இல்லை. வெவ்வேறு ஆண்டுகளில், மேகம் இல்லாத நாள்களில் எடுத்த படங்களைத் துண்டு துண்டாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். வீடும் தெருவும் தெளிவாகத் தெரிய அது போதும், தண்ணீர்க் கணக்குக்கு உதவாது. உங்கள் குளத்தின் படம் ஏதோ ஒரு நல்ல வருஷத்தில், பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் நிறைந்திருந்தபோது எடுத்ததாக இருக்கும். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய படங்களைக் காட்டச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தேதி வரும். தேதி இல்லாத படத்தை வைத்து யாரிடமும் வாதாடாதீர்கள், உங்களிடம் யாராவது வாதாடினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தேதியோடு இலவசமாகக் கிடைக்கும் படங்கள் வேறு. ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்கள் சுமார் 786 கி.மீ. உயரத்தில் துருவப் பாதையில் சுற்றுகின்றன. அமெரிக்காவின் லேண்ட்சாட் 8, 9 இரண்டும் 705 கி.மீ. உயரத்தில். நம் ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ கோள்களும் இதே வகை. எல்லாமே காலை பத்து, பத்தரை மணி வாக்கில் நம் தலைக்கு மேல் போகும்படி வைக்கப்பட்டவை. எப்போதும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். இந்தப் பாதைக்கு ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவும்போது இலங்கை குறுக்கே வருவதால் வளைந்து போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளம் அதற்காகத்தான், அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான். நம் ஊர்க் குளத்தைப் பார்க்கும் கோள்கள் நம் கடற்கரையிலிருந்தே போகப் போகின்றன என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் வாழை நாற்பது கட்டம். லேண்ட்சாட்டில் கட்டம் 30 மீட்டர், கிட்டத்தட்ட இருபத்திரண்டு சென்ட், ஏக்கருக்கு நாலரைக் கட்டம்தான். அரை ஏக்கர் தோட்டத்தைப் பற்றி லேண்ட்சாட்டை மட்டும் வைத்து ஒருவர் அடித்துப் பேசினால் நான் ஏற்கமாட்டேன். ஓரக் கட்டங்களில் பாதி உங்கள் வாழை, பாதி வரப்பும் பக்கத்துத் தென்னையும் என்று கலந்து வரும். படமே தரையில் ஒரு கட்டம் வரை விலகி உட்காரவும் செய்யும். குளத்தோரத்தில் ஐந்து சென்ட், பத்து சென்ட் ஆக்கிரமிப்பை இலவசப் படத்தால் நிரூபிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது, அதற்கு நில அளவைத் துறையின் புலப்படமும் சர்வேயரும்தான் வழி. குளத்துக்குள் ஏக்கர் கணக்கில் வரப்புப் போட்டு உழுதிருந்தால் தெரியும், எந்த ஆண்டில் தொடங்கினார்கள் என்பது உட்பட.

சரி, வாழைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அப்படிக் கொட்டும் நாளில் சென்டினல்-2, லேண்ட்சாட் வகைக் கோள்களுக்கு மேகத்தின் மேல்பக்கம்தான் தெரியும். சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துப் படமெடுப்பவை அவை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் பக்கம் ஒரு தெளிந்த படம் கிடைக்க வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அதனால் வெள்ளம் நிற்கும்போதே போடும் வரைபடங்கள் பெரும்பாலும் ரேடார் படத்திலிருந்து வருபவை.

ரேடார் கோள் தானே அலையைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. அசையாத தண்ணீரில் பட்ட அலை, கண்ணாடியில் பட்ட டார்ச் வெளிச்சம்போல எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடும், கோளுக்குத் திரும்பாது. ஆகவே தண்ணீர் கறுப்பாக விழும். நிலமும் பயிரும் சாம்பலாக விழும், வீடுகள் வெள்ளையாக விழும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தில் சாம்பலாக இருந்த இடம் பிந்தைய படத்தில் கறுத்திருந்தால் கணினி அதற்கு நீலம் பூசுகிறது. நெல் வயலில் இது நன்றாக வேலை செய்கிறது. பயிர் மூழ்கி, மேலே தண்ணீர் மட்டும்தானே தெரியும். வளர்ந்த ஏத்தன் அப்படி இல்லை. தலைக்கு மேல் இலை விரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். ஐரோப்பாவின் ரேடார் கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் ஐந்தரை செ.மீ. நீர்ச்சத்து நிறைந்த அகல இலையில் பட்டு அது பெரும்பாலும் அங்கேயே சிதறிவிடும். கீழே முழங்கால் தண்ணீர் நின்றாலும் கோள் பார்த்தது இலையைத்தான். வெள்ளத்துக்கு முன்னும் சாம்பல், பின்னும் சாம்பல். மாற்றம் இல்லை என்றதும் கணினி வெள்ளம் இல்லை என்று எழுதிவிட்டது. உங்கள் தோட்டம் விடுபட்டதற்கு இது முதற்காரணம் என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்வேன்.

அடுத்தது கோள் வந்த நாள். சென்டினல்-1 இரட்டையில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகி நின்றுபோனது. அதற்கு மாற்று 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. நம் வெள்ளத்தின்போது ஒன்றே ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் ஒரு தடத்துக்கு 12 நாளுக்கு ஒரு முறை. ஒரு வாரம் நின்று வடிந்த தண்ணீர் இரண்டு வருகைகளுக்கு நடுவில் அப்படியே தப்பிப்போக முடியும். இந்தியாவின் ரேடார் கோள் இ.ஓ.எஸ்-04, 2022 பிப்ரவரியிலிருந்து மேலே இருக்கிறது. பேரிடர் நேரத்தில் ஐதராபாத்தில் உள்ள தேசிய தொலையுணர்வு மையம் பல கோள்களின் படங்களைச் சேர்த்துப் பார்ப்பதும் வழக்கம். எத்தனை சேர்த்தாலும் ஒவ்வொரு படமும் சில நொடிகளில் எடுத்த ஒன்றுதான். முறையாகப் போட்ட வரைபடத்தின் மூலையில் கோளின் பெயரும் தேதியும் இருக்கும். உங்களுக்குக் காட்டியதில் அதைத் தேடிப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படமாக இருந்தால் அது உங்கள் பேச்சை மறுக்கவே இல்லை.

ரேடார் படத்தை நம் சீமையில் வாசிப்பவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும்போது குளத்து நீர் அலையடித்து, நிலம் மாதிரி சாம்பலாக விழும். நல்ல தண்ணீர் இருக்கிற குளம் வற்றியதாக வரைபடத்தில் வந்துவிடும். இதற்கு நேர்மாறு தேரி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் காய்ந்து சமமாகக் கிடக்கும் இடங்களில் அலை அதிகம் திரும்பாது, வறண்ட மணல் தண்ணீர் மாதிரி கறுப்பாக விழும். பிசான நடவுக்குத் தொளி அடித்துத் தண்ணீர் கட்டிய வயலும் கறுப்புத்தான். அதை வெள்ளம் என்று எண்ணாமல் இருக்க, முந்தைய ஆண்டுகளின் அதே மாதப் படங்களோடு ஒப்பிட வேண்டும். தேரியையும் பிசானத்தையும் அறியாதவர் எங்கோ உட்கார்ந்து அவசரத்தில் போடும் வரைபடத்தில் இவை நழுவத்தான் செய்யும். ஊர்க்காரர்கள் சொன்னால் திருத்த முடியும், சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதன் ஒரு ரேடாருக்கு அலை நீளம் 24 செ.மீ. நீண்ட அலை இலைகளுக்கு ஊடாகப் போய், தண்ணீரிலும் தண்டிலும் அடுத்தடுத்துப் பட்டுத் திரும்பும். அப்போது இலைக்குக் கீழே வெள்ளம் நிற்கும் இடம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும். மரக்காடுகளில் இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வாழைக்குத் தண்டே நீர் நிறைந்தது, மரம் மாதிரி இல்லை. அதனால் நம் தோட்டங்களில் இது எவ்வளவு தெளிவாக வரும் என்பதைத் தரையில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன்.

இப்போதைக்கு உங்கள் கையில் இருப்பது வேறொரு வழி, அதை நான் அதிகம் நம்புகிறேன். தண்ணீரைக் கோள் பார்க்கவில்லை என்றாலும், தண்ணீர் வாழைக்குச் செய்ததைப் பார்த்திருக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வேர் அழுகி இலை பழுத்தால் இந்த வித்தியாசம் குறையும். கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இலவசத் தளத்தில் உங்கள் தோட்டத்தைக் கண்டுபிடித்து, வெள்ளத்துக்கு முன் கிடைக்கும் கடைசித் தெளிந்த படத்தையும், 2024 ஜனவரி, பிப்ரவரிப் படங்களையும் எடுங்கள். இந்த வித்தியாசத்தை எண்ணாக்கும் பச்சைக் குறியீட்டை (NDVI) காட்டும் தேர்வு அதிலேயே இருக்கிறது. உங்கள் தோட்டத்தோடு, மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறாத ஒரு வாழைத் தோட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேட்டுத் தோட்டம் பச்சையாகவே இருந்து, உங்களுடையது மட்டும் மங்கியிருந்தால் வலுவான சான்று. வெள்ளம் வண்டலும் மணலும் போட்டுப் போயிருந்தால் வெளிறிய திட்டாக அதுவும் தெரியும். மங்கியதற்குக் காரணம் தண்ணீர்தான், நோய் இல்லை, நீங்களே வெட்டி எடுத்ததும் இல்லை என்பதைப் படம் தனியாகச் சொல்லாது. வாழைத் தண்டில் நின்ற நீர்க்கோட்டின் போட்டோ, தேதியும் இடமும் பதிவானது, கிராமத்துப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உள்ள விவரம், இவை பக்கத்தில் இருக்க வேண்டும்.

மழை அளவைப் பற்றிச் சுருக்கமாக. இன்சாட்-3டி வகைக் கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில் நின்றபடி அரை மணிக்கு ஒரு படம் அனுப்புகின்றன. ஆனால் மேகத்தின் வெப்பநிலையை அளக்கும் அவற்றின் அகச்சிவப்புக் கட்டம் 4 கி.மீ. அகலம். மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதிலிருந்து மழையை ஊகிக்கும் முறைகளுக்கு மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் உயரமில்லாத மேகத்திலிருந்து விடாமல் கொட்டும் மலை மழை குறைவாகவே படும். அந்த 95 செ.மீ. மழைமானி அளந்த கணக்கு. புயல் எங்கே வருகிறது என்று பார்க்கக் கோளுக்கு இணை கிடையாது, உங்கள் ஊரில் எத்தனை செ.மீ. பெய்தது என்பதற்கு மானிதான்.

இனி குளம். நம் பக்கத்துக் குளம் பெரும்பாலும் படத்தில் பிறை மாதிரி விழும். நிலம் கிழக்கே சரிவதால் கரை கிழக்கில் அழுத்தமான கோடாக, நீர் அதன்மேல் சாய்ந்து, மேற்கே விளிம்பு கலைந்து மெலியும். அகச்சிவப்பைச் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் கறுப்பு, பயிர் சிவப்பு. அந்தக் கறுப்புக்கு நடுவில் சிவப்புத் திட்டு இருந்தால் அது தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடி அல்லது தாமரை. குளம் நிறைய அமலை மூடியிருந்தால், நிறைந்த குளத்தையே கணினி பயிர் நிலம் என்று கணக்கில் போடும். அமலையைக் காற்று கரைப்பக்கம் ஒதுக்குவதால் ஒரே வாரத்தில் நீர்ப்பரப்பு கூடிக் குறைந்ததுபோலவும் தோன்றும். கூந்தன்குளம் போன்ற திறந்த நீர்ப்பரப்பில் வரும் கணக்கை நான் தயங்காமல் நம்புவேன், செடி மூடிய குளத்தில் கரைக்குப் போய்ப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டேன். சீமைக் கருவேலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. சித்திரை, வைகாசியில் சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது குளத்துக்குள் அது மட்டும் பச்சையாக நிற்கும். எந்த ஆண்டில் எந்த மூலையிலிருந்து பரவியது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

வரிசை என்றால் நீண்ட வரிசை. முதல் லேண்ட்சாட் 1972இல் போனது. 30 மீட்டர் படங்கள் 1982இலிருந்து உண்டு. 1984இலிருந்து உள்ள படங்களை வைத்து ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் உலக நீர்ப்பரப்பு வரைபடம் ஒன்று செய்திருக்கிறது. உங்கள் குளத்தில் ஒரு புள்ளியைத் தொட்டால், படம் கிடைத்த ஆண்டுகளில் எப்போதெல்லாம் அங்கே தண்ணீர் இருந்தது என்று காட்டும். தொடக்க ஆண்டுகளில் படங்கள் குறைவு, அதனால் பழைய ஆண்டில் ‘தண்ணீர் இல்லை’ என்று வருவதைவிட, அண்மை ஆண்டுகளில் வருவதற்கு மதிப்பு அதிகம். “எங்க அப்பா காலத்துல மாசி வரைக்கும் தண்ணி கெடக்கும்” என்ற பேச்சை வைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவும் பரப்பு. எத்தனை அடி தண்ணீர், எத்தனை மில்லியன் கன அடி என்றால் படம் நேராகச் சொல்லாது. பாபநாசத்தில் 143 அடி, மணிமுத்தாறில் 118 அடி என்று முழு மட்டம் உண்டு, தினமும் மட்டம் பார்த்து எழுத ஆள் உண்டு. ஊர்க் குளத்துக்கு அது கிடையாது. 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் என்ற கோள் 250 மீட்டர் நீள அகலத்துக்கு மேற்பட்ட நீர்நிலைகளின் மட்டத்தை 21 நாள் சுற்றில் அளக்க வடிவமைக்கப்பட்டது. மானூர், விஜயநாராயணம் போன்ற பெரிய குளங்களுக்கு அது உதவும் என்று எதிர்பார்க்கிறேன். அமலை மூடிய சிறு குளங்களில் அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இதைவிட எளிதானது ஒன்று உண்டு, ஊரிலேயே செய்யலாம். மடைக்குப் பக்கத்துச் சுவரில் அடி, அங்குலம் குறித்து பெயிண்டால் ஒரு அளவுகோல் வரையுங்கள். குளம் நிறைந்ததிலிருந்து வற்றும்வரை, சென்டினல்-2 வரும் நாள்களில் காலை பத்தரை வாக்கில் அதைப் போட்டோ எடுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு வருகை இருக்கும். தை பிறந்துவிட்டால் வானமும் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒவ்வொரு படத்திலும் தெரியும் நீர்விளிம்பு, அன்றைய மட்டத்தில் குளத்தின் தரை எங்கே இருக்கிறது என்பதற்கான கோடு. பத்துப் பதினைந்து கோடுகள் சேர்ந்தால் குளத்தின் அடிவடிவமே கிடைத்துவிடும். வண்டல் மேடு எங்கே, எந்த மட்டத்தில் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கணக்கிடலாம், பொதுப்பணித் துறையின் பழைய பதிவேட்டில் உள்ள கொள்ளளவோடு ஒப்பிட்டு எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்றும் கேட்கலாம். ஒரு பருவம் முழுக்கப் போட்டோ எடுக்க ஊரில் ஒருவர் பொறுப்பேற்றால் போதும். தேதியோடு அவற்றை அனுப்பினால், அந்தந்த நாளின் நீர்ப்பரப்பை எடுத்துக் கொள்ளளவு அட்டவணை போட்டுத் தருவது என் வேலை.